அந்தக் குளத்து மீனைச் சாப்பிடலாமா?

நொய்யலின் தண்ணீரை அளந்து அளந்து ஆய்வேடுகள் குவிந்துவிட்டன. அந்தத் தண்ணீரில் எது எதைத் தின்கிறது, தின்றதில் எதைச் சுமக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் போதவில்லை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் கொங்குநாட்டு மாணவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு களம் காத்திருக்கிறது.

உக்கடம் பெரியகுளத்தின் ஓரம் மீன் விற்பவரிடம் கோவைக்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஏனுங்க, சாக்கடைத் தண்ணி மீனுங்களா?" அவரும் சளைக்காமல், "இல்லீங்க, ஆத்துத் தண்ணிங்க" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியே வரும் வெள்ளமும் அந்தக் குளத்துக்குத்தான் வருகிறது, நகரத்துக் கழிவுநீரும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஜிலேபிக் கெண்டை துள்ளுகிறது, விலை குறைவு, வாங்கிப் போய்க் குழம்பு வைக்கிறார்கள்.

சாப்பிடலாமா கூடாதா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்த ஜிலேபி பாசியைத் தின்றதா, சேற்றுப் புழுவைத் தின்றதா என்று தெரிய வேண்டும். அது தின்றதில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு, பூச்சிமருந்து எவ்வளவு என்று தெரிய வேண்டும். உள்ளே போனது ஈரலில் தங்கியதா, செவுளில் தங்கியதா, நாம் தின்னும் சதையில் ஏறியதா என்றும் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு கணக்கு, ஐப்பசி மழைக்குப் பிறகு வேறு கணக்கு. நன்னீர் உணவு வலையும் சுற்றுச்சூழல் வேதியியலும் சந்திக்கும் இடம் இதுதான். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைவிட நேரடியான கேள்வி கிடைப்பது கடினம்.

ஒரே ஆறு, பல தண்ணீர்

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறக்கும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்று ஒரு பழைய பெயர் உண்டு. சித்திரைச்சாவடி அணைக்கட்டைத் தாண்டிப் பேரூர் பட்டீசுவரர் கோயிலைத் தொட்டு, உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் என்று குளங்களுக்கு நீர் கொடுத்து, திருப்பூரைக் கடந்து, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட நொய்யல் என்ற ஊரில் காவிரியோடு கலக்கிறது. பைக்கை எடுத்தால் ஒரே நாளில் தலையிலிருந்து வால் வரை பார்த்துவிடலாம்.

ஆராய்ச்சியாளருக்கு இது வரப்பிரசாதம். மேலே காட்டோடையின் தெளிந்த நீர். கொஞ்சம் கீழே தென்னை, வாழைத் தோப்புகளின் உரமும் மருந்தும். நகருக்குள் வந்தால் வீட்டுக் கழிவு, முலாம் பூசும் பட்டறைகளின் நிக்கலும் குரோமியமும். திருப்பூரில் சாயம். அதற்கும் கீழே பல ஆண்டு வண்டல் படிந்த ஓர் அணை. ஒரே ஆற்றில், ஒரே பருவத்தில், ஒரே இன மீனை ஐந்தாறு இடங்களில் பிடித்து ஒப்பிடலாம். இயற்கையும் மனிதரும் சேர்ந்து போட்டுவைத்த சோதனை இது. மாசுபட்டது வெட்கக்கேடு, அதை ஆராயாமல் விடுவது அடுத்த வெட்கக்கேடு.

பறவைக் கணக்கைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை. சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாகக் கோவை மாநகராட்சி 2017 இல் அறிவித்தது. ஈரோட்டின் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022 இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் அதே ஆண்டு சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமும் ஆயிற்று. பறவை வந்துவிட்டால் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பறவை இரையைத் தேடி வருகிறது. கழிவுநீரால் கொழுத்த குளத்தில் இரை ஏராளமாக இருக்கும். அந்த இரை பறவைக்கும் அதன் முட்டைக்கும் என்ன செய்கிறது என்பதைத் தொலைநோக்கியால் பார்க்க முடியாது.

நீதிமன்றம் ஏறிய ஓர் எண்

1992 இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயி மனுக் கொடுப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிலைக்கு ஆலைகளை வரச் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மொத்தமாக மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக முழு மறுசுழற்சிக்கு மாறி, ஆலைகள் திரும்பத் திறந்தன.

இந்த நெடிய வழக்கில் அடிக்கடி அடிபட்ட சொல் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வரம்பு. ஏன் உப்பு? பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால், சாயத்தை நீரிலிருந்து நூலின் பக்கம் தள்ள உப்பு வேண்டும். கறியுப்போ கிளாபர் உப்போ, கிலோக்கணக்கில் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. அத்தனையும் கழிவோடு வெளியே வந்துவிடும். நிறத்தையும் நாற்றத்தையும் நுண்ணுயிர்த் தொட்டிகள் பெருமளவு குறைத்துவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அதனால்தான் எதிர்ச் சவ்வூடுபரவல், ஆவியாக்கி என்று செலவு மேல் செலவு. அப்படியும் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டைகளில் கட்டி அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

வழக்குக்கு ஓர் எண் தேவைப்பட்டது. மீட்டரை முக்கினால் தெரியும் எண். அதில் தவறில்லை, அந்த எண் இல்லாமல் வழக்கு வென்றிருக்காது. ஆனால் நம் கல்லூரிகளின் ஆய்வும் பெரும்பாலும் அந்த எண்ணோடு நின்றுபோனது என்பது என் வருத்தம். பி.எச்., டி.டி.எஸ்., பி.ஓ.டி., கன உலோகம் நான்கு, மழைக்கு முன், மழைக்குப் பின், முடிவுரை. இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகளை நூலகங்களில் புரட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உப்பேறிய நீரில் டாஃப்னியா போன்ற நுண்ணிய மிதவை உயிரிகள் முதலில் ஒழியும். அவை ஒழிந்தால் அவை மேய்ந்துவந்த பாசி தறிகெட்டு வளரும் என்பது உலகில் பல ஏரிகளில் பார்த்த விஷயம். மீட்டர் இதைச் சொல்லாது. வலை போட்டு, புட்டியில் எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணினால்தான் தெரியும்.

எல்லா நஞ்சும் மேலே ஏறாது

இந்தத் துறையின் பாலபாடம் அமெரிக்காவின் கிளியர் லேக். கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியை ஒழிக்க 1949 இலிருந்து அந்த ஏரியில் டி.டி.டி. (DDD) என்ற மருந்தைக் கலந்தார்கள். நாம் வயலில் அடித்த டி.டி.டி-யின் (DDT) தங்கை இது. நீரில் பத்து லட்சத்தில் 0.02 பங்குதான் இருந்தது. மிதவை உயிரியில் 5 பங்கு. ஏரியில் செத்துக்கிடந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு. ரேச்சல் கார்சன் 1962 இல் எழுதிய 'மௌன வசந்தம்' நூல் இந்தக் கதையை உலகறியச் செய்தது.

இதைப் படித்த கையோடு எல்லா விஷமும் இப்படித்தான் மேலே மேலே பெருகும் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. கொழுப்பில் கரையும் பழைய பூச்சிமருந்துகளும் மெத்தில் பாதரசமும் அப்படிப் பெருகும். நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை பொதுவாக அப்படி ஏறுவதில்லை. பெரிய மீனைவிடச் சேற்றுப் புழுவிடம் அவை அதிகமாக இருப்பதுண்டு. ஆகவே கோவைக் குளத்தில் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து எந்த உயிரைப் பிடிக்க வேண்டும் என்பதே மாறும். பாதரசத்துக்கு விரால். நிக்கலுக்கு, வண்ணமீன் கடைகளில் பிளட் வார்ம் என்று விற்கும் சிவப்புப் புழு.

யார் யாரைத் தின்றார்கள் என்று கண்டுபிடிக்க முன்பெல்லாம் மீன் வயிற்றைக் கீறிப் பார்ப்பார்கள். அதில் கடைசி வேளைச் சாப்பாடு மட்டும் தெரியும். இப்போது சதையின் நைட்ரஜனையே கேட்கலாம். நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பின் பங்கு, உணவுப் படி ஒன்று ஏறும்போது ஆயிரத்தில் சுமார் 3.4 என்ற அளவில் கூடுகிறது. கார்பன்-13 அவ்வளவாக மாறாது என்பதால், அந்த உணவு பாசியில் தொடங்கியதா கரையோரச் செடியில் தொடங்கியதா என்று காட்டிக்கொடுக்கும். கொங்கு நாட்டில் இந்த முறைக்கு ஒரு சிக்கல் உண்டு, சுவையான சிக்கல். சாக்கடை நைட்ரஜனே இயல்பிலேயே கனமானது. சித்திரைச்சாவடி மீனையும் உக்கடம் மீனையும் அப்படியே ஒப்பிட்டால், உக்கடத்து ஜிலேபி ஏதோ வேட்டை மீன் என்று கணக்கு காட்டும். ஒவ்வொரு இடத்திலும் அடிமட்டத்து நத்தையையோ பாசியையோ அளந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு நுணுக்கத்தை நொய்யல் முழுக்கச் செய்து முடித்தாலே நல்ல ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் தேறும்.

பவானிசாகரில் ஒரு முன்னோடி

இந்தச் சிந்தனையை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 1960களில் சென்னை மாநில மீன்வளத் துறையின் ஏ. சீனிவாசன், பவானிசாகர், அமராவதி, மேட்டூர் நீர்த்தேக்கங்களையும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளையும் இதே கண்ணோடு பார்த்தவர். சூரிய ஒளியில் எவ்வளவு பாசியாகிறது, பாசியில் எவ்வளவு மீனாகிறது என்பதே அவர் கேள்வி. பெரிய இயந்திரங்கள் இல்லாத காலம். உலகின் முன்னணி நீரியல் இதழ்களில் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. அமெரிக்காவில் ரேமண்ட் லிண்டமன் ஒரு சிறு ஏரியை வைத்து ஆற்றல் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் கட்டுரை எழுதி, அது 1942 இல் அச்சாகும் முன்பே 26 வயதில் இறந்துபோனதை உயிரியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அதே கேள்வியை நம் மேட்டூரிலும் பவானிசாகரிலும் கேட்டவரின் பெயர் நம் வகுப்பறைகளில் காதில் விழுவதில்லை.

இலங்கையில் பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை ஆஸ்திரிய, இலங்கை ஆய்வாளர்கள் கூட்டாக ஆராய்ந்து 1983 இல் முழு நூலாகவே வெளியிட்டார்கள். பழங்கால ஏரி, உள்ளே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபி, மேலே நீர்க்காகம். நம் குளங்களின் கதையும் ஏறத்தாழ அதுதான். இந்தியாவுக்கு ஜிலேபி வந்தது 1952 இல். அது வந்த பிறகு நம் குளங்களின் உணவு வலை எப்படிச் சுருங்கியது என்பதை இப்படி முழுமையாக எழுத ஒரு கொங்குக் குளம் காத்திருக்கிறது.

பவானியையும் விட்டுவிடக் கூடாது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக் கழிவுக்கு எதிராகத் தொண்ணூறுகளில் விவசாயிகள் நடத்திய போராட்டத்தை மேட்டுப்பாளையம் பக்கம் இன்றும் பேசுவார்கள். அதே பவானிசாகருக்கு இன்னொரு பக்கமிருந்து வரும் மாயாற்றில்தான் காவிரிப் படுகையின் திமில் மாசீர் மீன் இன்னும் பிழைத்திருக்கிறது. அதன் அறிவியல் பெயரே 2018 இல்தான் தெளிவாகத் தீர்மானிக்கப்பட்டது. அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் அது.

எங்கே சேரலாம்?

1990 இல் தொடங்கி ஆனைகட்டியில் இயங்கும் சாலிம் அலி பறவையியல் மையம், சாக்கான், முதல் முகவரி. இப்போது அது இந்திய வனவுயிர் நிறுவனத்தின் தென்னிந்திய மையம். பறவை, முட்டை, மீன் ஆகியவற்றில் பூச்சிமருந்தும் உலோகமும் தேடும் சூழல் நச்சியல் அங்கே நீண்ட மரபுடையது. கோவையின் ஈரநிலங்களில் உலோகப் படிவை அளந்த ஆரம்ப ஆய்வுகளும் அங்கிருந்தே வந்தன. நேராக முனைவர் பட்டத்துக்கு இடம் இல்லாவிட்டாலும், திட்டப் பணியாளராக ஓராண்டு சேர்ந்து களவேலை பழகுவது நல்ல வழி. அறிவிப்புகளைத் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

பாரதியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல், விலங்கியல், வேதியியல் மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறையோடு பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகமும் உண்டு. பவானிசாகரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. சாயக் கழிவு பற்றிய தொழில்நுட்ப அறிவு வேண்டுமானால் 1956 இலிருந்து இயங்கும் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா இருக்கிறது. இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது போதாது என்பதுதான் குறை. மீன் தெரிந்த வழிகாட்டிக்கு வேதியியல் தெரியாது, வேதியியல் தெரிந்தவருக்கு மீன் தெரியாது. மாணவரே முயன்று துணை வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது. விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

பணம்? விலங்கியல் மாணவர் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியலும், வேதியியல் மாணவர் வேதி அறிவியலும் எழுதலாம். சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவருக்கு யு.ஜி.சி. நெட்டில் அதே பெயரில் தாள் உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். தவறினாலும் 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியலின மாணவர்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தேசிய உதவித்தொகைகள் உள்ளன. வேளாண், மீன்வளப் படிப்பென்றால் ஐ.சி.ஏ.ஆர். தேர்வு.

விலை உயர்ந்த கருவி நம் கல்லூரியில் இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, மாதிரிக்கு என்ன கட்டணம் என்று ஒன்றிய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம், சென்னை ஐ.ஐ.டி.-யின் பொது ஆய்வகத்துக்கும் மாதிரி அனுப்பலாம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் படித்துவிட வேண்டும். வனப்பகுதிக்குள் வலை போட வனத்துறை அனுமதி தேவை. அதற்கு மாதங்கள் ஆகலாம் என்று திட்டத்திலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெரிய இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் மாணவர்கள், துறையின் மூலையில் இருக்கும் நுண்ணோக்கியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டு நீரில் நெளியும் உயிரியைப் பார்த்ததும் இனம் சொல்லக்கூடியவர்கள் அருகிவருகிறார்கள். அந்தத் திறனோடு கொஞ்சம் புள்ளியியலும் கற்றுக்கொண்டவரை எந்த நாட்டு ஆய்வகமும் விரும்பி எடுத்துக்கொள்ளும்.

யாருடைய பிழைப்பு?

ஆய்வு முடிந்ததும் வரும் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். 'கோவைக் குளத்து மீனில் விஷம்' என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால், மறுநாள் குளத்து மீனவர் வீட்டில் அடுப்பெரியாது. முலாம் பட்டறைக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை மீன், எந்த மாதம், எந்த உறுப்பு, வாரம் எவ்வளவு தின்றால் என்ன என்பதையெல்லாம் சொல்லாமல் விஷம் என்ற ஒற்றைச் சொல்லைச் செய்தியாளரிடம் கொடுப்பது பொறுப்பில்லாத வேலை. குடலையும் செவுளையும் நீக்கிச் சமைத்தால் போதுமா, குறிப்பிட்ட மாதங்களில் பிடிக்காமல் இருந்தால் போதுமா என்ற பதிலும் அந்த ஆய்விலிருந்தே வர வேண்டும். மீனவரை முதல் நாளே கூட்டுச் சேர்த்துக்கொண்டால் மீனும் கிடைக்கும், நம்பிக்கையும் கிடைக்கும்.

வேலைவாய்ப்பு பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி இதில் இறங்கச் சொல்ல மாட்டேன். சில ஆசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994 இல் தடை விதித்த நாளிலிருந்தே, ரசாயனப் பரிசோதனை இல்லாமல் ஏற்றுமதிப் பின்னலாடை கப்பலேற முடியாது என்றாகிவிட்டது. ஆய்வகம், சுத்திகரிப்பு நிலையம், தணிக்கை நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று வேதியியலும் உயிரியலும் சேர்ந்து தெரிந்தவருக்கு இங்கே வேலை உண்டு.

கடைசியாகத் திருப்பூர், கோவைத் தொழிலதிபர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுகள் ஜே.ஆர்.எஃப். அளவில் உதவித்தொகை கொடுத்தால், வாடகைப்படி நீங்கலாக, 24 லட்சம் ரூபாய் ஆகும். திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். அரசுப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் ஆய்வுக்குத் தரும் பணத்தைச் சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் காட்ட நிறுவனச் சட்டம் 2019 முதல் இடம் தருகிறது. பத்து நிறுவனங்கள் ஆளுக்கொரு மாணவரை ஏற்றுக்கொண்டால், சித்திரைச்சாவடி முதல் ஒரத்துப்பாளையம் வரை ஆற்றின் நெடுகப் பத்து ஆய்வாளர்கள் கிடைப்பார்கள். ஆற்றில் சாயம் விட்ட ஊர், அந்த ஆற்றைப் படிக்கவும் செலவு செய்யட்டும்.